பிரேக் மிதிக்க ஓர் ஆள்

இதை வாசிக்க நேரம் ஒதுக்கும் அன்பர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் உள்ள ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தாறு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். பிறர் எழுதியவற்றுக்கு எண்ணிட்டு அடுக்கில் வைப்பது என் தொழில். அந்த அடுக்கைப் பார்த்துப் பார்த்து, எழுதுவது என் போன்றவர்கள் செய்யும் காரியம் அல்ல என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இப்போதும் அது மாறவில்லை. ஆயினும் சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கேட்க வேண்டியவர் இனி அதைக் கேட்கப் போவதில்லை. ஆகவே அறிமுகமில்லாத உங்களிடம் சொல்லத் துணிகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் உதயகுமார். வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் கௌதள்ளி. திருமணம் ஆகவில்லை. அதற்கென்று தனியாக ஒரு காரணம் கிடையாது, தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது. ஸ்ரீராம்புராவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். மாடியில் வீட்டுக்கார அம்மா மாரியம்மா இருக்கிறார். என்னிடம் ஒரு சிறிய கார் உண்டு. நான் வாங்குவதற்கு முன்பே மூன்று பேரிடம் இருந்து வந்த வண்டி. அதன் ஓட்டுநர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

சொர்ணலதா அவர்கள் எங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பணிபுரிகிறார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், ஆகையால் தமிழில் தொடங்குகிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். வீடு குவெம்புநகரில், நான் போகும் வழியில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். மறுநாள் மழை இல்லை. ஆனாலும் அதே இடத்தில் நின்றிருந்தார். அதன்பின் யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் இருபத்தைந்து நிமிடம் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தார்.

பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். விடைத்தாள் கட்டுகள், அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது, கல்லூரி முதல்வரின் புதிய மூக்குக்கண்ணாடி, இப்படி. ஆனால் ஒரு நாளில் நான் பேசும் சொற்களில் பாதிக்கு மேல் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் செலவாகிவிடும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆடி மாதக் கடைசியில் ரிங் ரோடு சிக்னலில் அப்படிச் சிவப்பு விழுந்தபோது பிரேக்கை மிதித்தேன். மிதி நேராகத் தரையில் போய் முட்டியது. கைப்பிரேக்கை இழுத்தேன். முன்னால் நின்ற பால் வேனுக்கு ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. சொர்ணலதா அவர்கள் இரு கைகளையும் முன்பலகையில் ஊன்றியிருந்தார். கைப்பிரேக்கையே நம்பி ஊர்ந்து கல்லூரி போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். வண்டி சரியாகற வரைக்கும் நான் பஸ்ல வரேன். சரியானதும் சொல்லுங்க, வரேன்."

'சரியானதும் சொல்லுங்க, வரேன்.' அந்த வாரம் முழுவதும் எனக்கு அந்த மூன்று சொற்களே துணை.

எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் சந்தோஷ்குமார் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார்.

"பின்னாடி போற பிரேக் பைப்பு துரு புடிச்சு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு சார். வேற பைப் போட்டு ஏர் எடுத்துட்டா முடிஞ்சுது."

குழாயை மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து, காற்றையும் எண்ணெயையும் வெளியேற்றி, மூட வேண்டும். மூடிய பிறகே மிதித்தவர் காலை எடுக்கலாம். இடையில் எடுத்துவிட்டால் வெளிக்காற்று மறுபடி உள்ளே போய்விடும். இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம பாலனை வீட்டுக்கே அனுப்பறேன். பிரேக் மிதிக்க ஒரு ஆள் வேணும் பாருங்க, தனியா முடியாது," என்றார் சந்தோஷ்குமார்.

தனியாக முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆயிற்று.

"வேண்டாம். புத்தகத்தைப் பார்த்து நானே செய்துகொள்கிறேன். மிதிக்க ஆள் இருக்கிறது."

"உங்க வீட்டுல உங்கள விட்டா பல்லிதானே சார் இருக்கு? அது மிதிக்குமா?"

சிரித்துவிட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டு இரும்புத் தாங்கிகளையும் இரவலாகக் கொடுத்தார். அது வெள்ளிக்கிழமை.

அன்று பிற்பகல் தேர்வுப் பிரிவின் வாசலில் நின்று, நான்கு முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போனேன். "மேடம், தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்… கடையில் ஆள் இல்லையாம். பிரேக்கை மிதிக்க மட்டும்…"

"அவ்ளோதானா? ஏதோ கிட்னி கேக்கற மாதிரி கேக்கறீங்க!" என்றார். "வரேன் சார். வண்டி சரியாச்சுன்னா எனக்கும்தானே நல்லது. அந்த பஸ்ல நிக்கவே எடம் இல்ல."

கடையில் ஆள் இல்லை என்பது பொய். அதற்குமுன் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமை முழுவதும் துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஞாயிறு காலை பழைய குழாய் இரண்டு துண்டாக என் கையோடு வந்தது. புதிய குழாயைப் பொருத்தி முடிப்பதற்குள் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. பதினொரு மணிக்கு ஆட்டோவில் சொர்ணலதா அவர்கள் வந்து இறங்கினார். என் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்து நின்றது அதுவே முதல் முறை. தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் முறையும் தண்ணீர் கொடுத்தேன்.

"போதும் சார், மொதல்ல வேலையப் பாப்போம்," என்றவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கால் எட்டாததால் அதை முன்னால் இழுத்துக்கொண்டார். நான் வாங்கிய நாளிலிருந்து அந்த இருக்கை நகர்ந்ததே இல்லை.

நான் பின்சக்கரத்தருகே மல்லாந்து படுத்தேன். "தயவுசெய்து மிதியுங்கள், மேடம். மிதித்தபடியே சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்."

மேலிருந்து சிரிப்பு வந்தது. "நீங்க 'கொள்ளுங்கள்' முடிக்கறதுக்குள்ள என் கால் மரத்துப் போயிடும் சார். ஒரே வார்த்தையா சொல்லுங்க. ங்க எல்லாம் வேண்டாம். காருக்கு அடியில படுத்துக்கிட்டு என்ன மரியாதை?"

"அது எப்படி மேடம்…"

"சொல்லுங்க சும்னே." சும்மா என்பதன் கன்னடம் அது.

கண்களை மூடிக்கொண்டு சொன்னேன். "மிதி."

வண்டி லேசாக அசைந்தது.

"பிடி."

திருகைத் திறந்தேன். எண்ணெய் சிறிது பீய்ச்சியது, பிறகு நின்று குமிழிட்டது. மூடினேன். "சரி."

மிதி, பிடி, சரி. பத்து முறை, இருபது முறை. முதலில் கூச்சமாக இருந்தது, பின்னர் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தச் சொற்களை மேலும் மேலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒருவருக்கு ஒருமையில் ஏதோ சொல்லி, அவரும் அதன்படி செய்ய, இருவருமாக ஒரு வேலையில் இருப்பது எனக்குப் புதிது.

மாடியிலிருந்து மாரியம்மா எட்டிப் பார்த்தார். "யாரப்பா அது கீழ, ஒரு மணி நேரமா பீடி பீடின்னு கத்தறது? உதயா, உனக்கு எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்?"

காருக்குள் அவரும் காருக்கடியில் நானும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

ஆனால் குமிழிகள் நிற்கவில்லை. ஒரு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்து இரண்டாவதும் தீர்ந்தது. நீளமான குழாய், ஆகையால் காற்று அதிகம் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மணியளவில் நான் இருக்கையில் அமர்ந்து மிதித்துப் பார்த்தேன். முதல் மிதி பஞ்சாக இருந்தது. நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்ததும் கல்லாக நின்றது. முதல் மிதியே கல்லாக நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான் அதைப் படித்துமிருந்தேன். ஆனால் திங்கட்கிழமை அவர் மறுபடி என் பக்கத்து இருக்கைக்கு வர வேண்டியிருந்தது. கடைசி மிதியை எடுத்துக்கொண்டு முதல் மிதியை விட்டுவிட்டேன்.

"சரியாகிவிட்டது மேடம். ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாமா?"

"அதுக்கென்ன, வாங்க," என்று அவர் தம் பழைய இடத்தில் ஏறி அமர்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தெரு கடைசியில் இறக்கமாக முடியும். இறக்கத்தில் மிதித்தேன். கால் தரைக்குப் போயிற்று. மறுபடி மிதித்தேன். கைப்பிரேக்கை இழுத்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. கீழே பெரிய சாலையில் வண்டிகள் போவது தெரிந்தது. இடப்பக்கம் கட்டுமான வேலை நடக்கும் ஒரு வீட்டின் முன் குவித்திருந்த மணலில் திருப்பினேன். மணலுக்குப் பின்னால் அஸ்திவாரத்துக்கான சைஸ் கற்கள் அடுக்கியிருந்ததை நான் பார்க்கவில்லை.

கண்ணாடி உடையும் ஓசை கேட்டு வண்டி நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி முன்னால் தெறித்து விழுந்து நொறுங்கியிருந்தது. மூக்கின் மேல் சிறிய சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. இறங்கி மணல் மேட்டில் அமர்ந்தார். நான் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"அய்யோ, ஒண்ணும் ஆகல, உக்காருங்க சார். நான் சரியாத்தானே செஞ்சேன்? நீங்க மிதின்னதும் மிதிச்சேன், பிடின்னதும் விட்டேன்."

"விட்டீர்களா?"

"நீங்கதானே பிடி பிடின்னீங்க?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. கன்னடத்தில் 'பிடி' என்றால், மரியாதையோடு 'விடுங்கள்' என்று பொருள். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. பேசும்போது கன்னடத்தில் முதலெழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழும், அவ்வளவுதான் வேறுபாடு. கன்னடம் எனக்குத் தெரியாத மொழி அன்று. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் கடைகளிலும் பேருந்திலும் அந்தச் சொல்லைக் கேட்டும் சொல்லியும் வருகிறேன். வாழ்வில் முதன்முறையாக மரியாதையை விட்டு நான் சொன்ன சொல் அவர் காதில் மரியாதைச் சொல்லாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறை திருகைத் திறந்தபோதும் அவர் காலை எடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரமாகக் குழாய்க்குள் காற்றை ஏற்றியிருக்கிறோம்.

"மிதி தமிழு, பிடி கன்னடம்னு நெனச்சேன் சார்," என்றார் அவர். "நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பேசறோம்!"

சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். நானும் சிரித்தேன். மணலில் அமர்ந்து, மூச்சு முட்டும்வரை இருவரும் சிரித்தோம். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "மொதல்ல இத கடையில குடுத்து ஒழுங்கா பண்ணுங்க சார். அப்புறம் நாளைக்கோ நாளன்னைக்கோ பழையபடி வரேன்," என்று அவராகவே சொன்னார்.

அப்போது நான் தொலைபேசியில் அழைத்திருந்த சந்தோஷ்குமார், பாலனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"முழுக்க ஏர் சார். வெள்ளிக்கிழமையே சொன்னேனே, பாலன அனுப்பறேன்னு. நீங்கதான் ஆள் இருக்கு, வேண்டாம்னுட்டீங்க. அம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

சொர்ணலதா அவர்களின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. "கடையில ஆள் இல்லன்னு சொன்னீங்களே சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, கண்ணாடி இல்லாததால் கண்களைச் சற்றுச் சுருக்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டிய பதில் மிகச் சிறியது. நீங்கள் என் வீட்டுக்கு வர வேண்டும் என்று விரும்பினேன், அதற்கு வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவுதான். சந்தோஷ்குமார் நின்றுகொண்டிருந்தார், பாலன் நின்றுகொண்டிருந்தான்.

"கடை ஆட்கள் அவசரத்தில் ஏனோதானோவென்று செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன், மேடம்," என்றேன்.

சந்தோஷ்குமார் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். பாலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான், மேடம்."

"ஹௌதா," என்றார். அப்படியா என்று பொருள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். பெரிய சாலை வரை நடந்து போய் ஆட்டோவை நிறுத்தினார். பார்வை சரியாகத் தெரியாமல், படிகளே இல்லாத அந்த இறக்கத்தில் காலை வைத்து வைத்துப் பார்த்து நடந்தார். கூடப் போக நினைத்தேன்.

மறுநாள் பாலன் திருகைத் திறக்க, சந்தோஷ்குமார் மிதித்துப் பிடிக்க, இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இப்போது முதல் மிதியே கல்லாக நிற்கிறது. தேர்வுப் பிரிவுக்குப் போய்ச் சொன்னேன். "மேடம், வண்டி சரியாகிவிட்டது."

"ரொம்ப நல்லது சார்," என்று சொல்லி விடைத்தாள் கட்டின் முடிச்சைப் போட்டு முடித்தார். "பஸ் பழகிடுச்சு. நீங்க சிரமப்படாதீங்க."

என் மேல் கோபம் கொண்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். அவர் கோபம் கொள்ளவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறார், நானும் சொல்கிறேன். வாக்கியங்களை இப்போது என்னிடம் முழுவதும் தமிழிலேயே பேசி முடிக்கிறார்.

ஆக, இழந்தவை இவை. பிரேக் ஆயில் இரண்டு பாட்டில். இடப்பக்க முன்விளக்கு ஒன்று. முன் பம்பரில் பாதி. சொர்ணலதா அவர்களின் மூக்குக்கண்ணாடி ஒன்று. புதியது வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். சந்தோஷ்குமார் என்னோடு வைத்திருந்த கேலிப்பேச்சு. வேலை நாட்களில், காலை எட்டு இருபது முதல் எட்டே முக்கால் வரை.