அக்கா வெட்டிப் போட்ட சத்தங்கள்

அக்கா பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள். மறுநாள் அவர்களுக்குப் பரீட்சை. கடைசிப் பாடம் சாயங்காலத்துக்குள் போகாவிட்டால், அதைக் கேட்காமலே எழுதப் போக வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"பாட்டு, படம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்டி. இன்னும் வயிறு முட்டத் தின்ன மாதிரியே உட்கார்ந்திருக்கு."

கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்களின் அளவை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்தும் கால்வாசி வரவில்லை. மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொன்னதும், பதிவு செய்யும் மென்பொருள் தனக்கென்று வைத்திருந்த ஃபோல்டர் ஒன்று வெளியே வந்தது. மொத்த இடத்தையும் விழுங்கியிருந்தது அதுதான். உள்ளே ஒவ்வொரு பதிவும் மணிக்கணக்கில் நீண்டது.

"நீ பதிவை நிறுத்துறதே இல்லையா?"

"நிறுத்தினா ரெண்டு துண்டாகிடும், ஒட்டணும். அதான் ஓடட்டும்னு விட்டுட்டுச் சாப்பிடப் போவேன். வந்து நடுவுல இருக்கிறதை வெட்டிடுவேன்."

"வெட்டினது போகலக்கா. உனக்கு மனசு மாறினா திருப்பிக் குடுக்கணும்னு அது பத்திரமா வச்சிருக்கு."

முடிந்த பாடங்கள் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. இருந்தாலும் அழிக்கும் முன், வெட்டிப் போட்டவற்றில் ஒன்றை ஓடவிட்டோம். நாற்காலி நகரும் சத்தம். "சாப்பாடு ஆறுது" என்று அம்மாவின் குரல். பிறகு வெறும் மின்விசிறி. நிறுத்தப் போனேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நீரில்... கரை... கரையும் பொருள்கள்."

அப்பா. பஸ் ஓட்டுகிறவர். மதியம் வீட்டுக்கு வந்தால், "காலையிலேருந்து சுவரோட பேசிட்டிருக்கா உங்க அக்கா" என்று கேலி செய்கிறவர். எழுத்துக் கூட்டி ஒரு பத்தியை வாசித்து முடித்து, தனக்குத் தானே "பரவால்ல" என்று சொல்லிக்கொண்டார்.

அக்கா அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இருந்தார். அதில் கொஞ்சம் வேகமாக வாசித்தார்.

அப்பா வாசித்தவற்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தோம். அப்படியும் இடம் வரவில்லை. குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகுதான் கம்ப்யூட்டர் மூச்சு விட்டது.

வேலை முடிந்து வந்த அப்பா கதவருகே நின்றார். "என்ன, ரெண்டு பேரும் அதையே பார்த்துட்டிருக்கீங்க?"

"இடமே இல்லப்பா. பழைய பதிவையெல்லாம் அழிச்சோம்."

"கேட்டுப் பார்த்துட்டா அழிச்சீங்க?" அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்" என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பாமலே. "கடைசிப் பாடம் நாடகம். படகோட்டி பேசணும். என் குரல்ல பேசினா பிள்ளைங்க சிரிக்கும். நீங்க வாசிக்கிறீங்களா?"

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு" என்றபடியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படகோட்டி தடுக்கித் தடுக்கித்தான் பேசினார். ஆற்றில் சுழல் வந்த இடத்தில் மட்டும், நெரிசலில் பஸ் ஓட்டுகிறவரின் அதட்டல் தானாக வந்தது. வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடாமல் அக்காவைப் பார்த்தார்.

"அந்த முதல் வரி சரியா வரலம்மா. இன்னொரு தடவை வாசிக்கட்டா?"

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மைக்கை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.