கொதிக்க வைக்காத ஒரு நாள்

அப்பா போய் இருபத்து மூன்று நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. இந்தக் கணக்கை அம்மாதான் வைத்திருந்தாள். காலையில் மகளோடு பஸ் ஏறி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். கைப்பையில், துணியில் சுற்றிய சின்ன பிளாஸ்டிக் கப். மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் தரும் நெபுலைசரின் கப். ஏழு மாதம் அப்பாவின் வாயோடு வாயாக இருந்தது.

"இதுல கிருமி இருந்துச்சான்னு உங்க மெஷின்ல பாத்துச் சொல்லிடு. அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. அன்று ஒரு நாள் அம்மா கப்பைக் கொதிக்க வைக்கவில்லை. குழாயில் அலசி அப்படியே மாட்டிவிட்டாள். அந்த ஒரு நாள் அவளைத் தின்றுகொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, சேலைகூடத் தோளில் நிற்காத அளவுக்கு வற்றிப்போயிருந்தாள்.

மகள் வேலை பார்க்கும் இடத்தில் கிருமி பார்க்கும் வசதி கிடையாது. அங்கே கண்ணாடி நெபுலைசரில் உப்புத் தண்ணீரைத் துளியாக உடைத்துக் காற்றில் விடுவார்கள். துளி எவ்வளவு பெரியது என்று லேசர் சொல்லும். சாயங்காலம் கண்ணாடியைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் கவிழ்ப்பார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவை நடைபாதை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். துளியையாவது அளந்து பார்ப்போம்.

எல்லாரும் 'தலைவரே' என்று கூப்பிடும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நம்ம கண்ணாடிக்குப் பொம்மைத் தங்கச்சியா?"

"சும்மா ஒரு டெஸ்ட், தலைவரே."

உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாயை மாட்டினாள். திரையில் கோடு எழுந்தது. நாலு மைக்ரானில் எழ வேண்டிய மேடு பதினொன்றில் நின்றது. கழற்றி மாட்டி மறுபடி ஓட்டினாள். பதினொன்றேதான்.

தலைவர் சிரித்தார். "மூடுபனி கேட்டா மழையே பெய்யுதே! அஞ்சைத் தாண்டினா நுரையீரலுக்குப் போறது கஷ்டம் தாயி. முக்கால்வாசி தொண்டையோட நின்னுடும்." லென்ஸை எடுத்துக் கப்பின் உள்முனையைப் பார்த்தார். "பாரு, ஓட்டை கோணிப்போயிருக்கு. யாரோ தினம் கொதிக்க வெச்சிருக்காங்க. இந்த ரகம் சூடு தாங்காது. வெதுவெதுப்பா சோப்புத் தண்ணி போதும். எந்த மகராசன் சொல்லிக் கொடுத்தானோ!"

அவள் காற்றை நிறுத்தினாள்.

"எங்க அப்பாவோடது, தலைவரே."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மருந்து தொண்டையிலேயே நிக்குதும்மா என்று அப்பா சொன்னபோதெல்லாம், மருந்துன்னா அப்படித்தான்பா இருக்கும் என்று அவள் சிரித்திருக்கிறாள். நடைபாதைக்கு வந்தாள்.

அம்மா எழுந்து நின்றாள். "என்ன சொல்லுது?"

"கிருமி ஒண்ணும் இல்லம்மா."

"பொய். பொய் சொன்னா உன் காது செவந்துடும், பொறந்ததுலேர்ந்து பாக்கறேன்."

"அம்மா..."

"எம் மனசு நோகும்னு மறைக்கற. இருநூறு நாள் நீ சொன்ன மாதிரி மணி பாத்துப் பத்து நிமிஷம் வெச்சேன்டி. பிசகவே இல்ல. அந்த ஒரு நாள்தான் சோம்பேறித்தனம். பக்கத்து வீட்டு அடுப்புல வெச்சிருக்கலாம். வெக்கல. நான்தானே அவரைக் கொன்னேன்?"

வழியில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். வெறும் எலும்பாக இருந்தது. கிருமி இல்லை என்று இன்னும் நூறு தடவை சொல்லலாம். அம்மா நம்பப்போவதில்லை. இந்தக் கை இன்னும் மெலியும்.

"அந்த ஒரு நாள்ல ஒண்ணும் இல்லம்மா."

"பின்ன?"

"மத்த நாள்தாம்மா. அந்தக் கப்பைக் கொதிக்கவே வைக்கக் கூடாது. கொதிச்சு ஓட்டை கோணி, அப்பாவுக்கு மருந்து சரியா உள்ளயே போகல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. கொதிக்க வைக்கச் சொன்னது நான்."