அம்மாவின் ஏழாம் பக்கம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வேறொருவராகப் பிறப்பார். அன்றைய சடங்கான அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லிலே வெட்டுவதில்லை, பளபளப்பான தாளில் அடிப்பதுதான். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் பட்டங்கள், இரங்கற்பா. இருந்த காலத்தில் வேலியை ஆண்டுக்கு ஓரடி அயலவர் காணிக்குள் தள்ளி நட்டவர் அதில் ‘வள்ளல்’ ஆவார். மனைவியோடு பதினாறு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர் ‘இல்லறத்தின் இலக்கணம்’ ஆவார்.

குறையாகச் சொல்லவில்லை. என் பிழைப்பே அதுதான். சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாக எழுத்துப்பிழை பார்க்கிறேன். நானூறு பேரையாவது பிழையில்லாமல் வழியனுப்பியிருப்பேன்.

போன ஆடியில் என் அம்மா தங்கமுத்துவின் முறை வந்தது.

கனடாவிலிருந்து அண்ணை கேதீஸ்வரன் வந்து இறங்கினார். கல்வெட்டுப் பொறுப்பைத் தானே எடுத்தார். நாற்பத்தெட்டுப் பக்கம், முழுக்கக் கலர். இரங்கற்பாவுக்குப் பக்கத்து வீட்டு மார்க்கண்டு வாத்தியார். அவரிடம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு இரங்கற்பாக்கள் உண்டு. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். ஒருமுறை ஊரை மாற்ற மறந்துவிட்டார். நெல்லியடியில் இறந்த ஒருவருக்காகக் கொழும்புத்துறைக் கடல் பொங்கி அழுதது.

வாழ்க்கை வரலாறு மட்டும் என் பங்கு. எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அண்ணை அந்தத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு பந்தி முழுவதும் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் பட்டியலில் ‘சிவரூபன்’ என்ற என் பெயருக்கு எதிரே அவருடைய கையெழுத்தில் ஒரு சொல் முளைத்திருந்தது: ஆய்வாளர்.

“நான் எதை ஆராயிறன், அண்ணை?”

“அது பொதுவாப் போடுறது, ரூபன். ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“கேட்டா?”

“ஆய்வு இன்னும் முடியேல்லை எண்டு சொல்லு.”

ஒருவகையில் அது உண்மைதான்.

வெட்டுப்பட்ட பந்தி இப்படித் தொடங்கியது: ‘2002ஆம் ஆண்டு இளைய மகன் சிவரூபனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. அன்று தொடக்கம் கடைசி நாள்வரை அம்மா செய்த வேலை அவனைப் பார்த்துக்கொண்டதுதான்.’

“கஜந்தினிக்குச் சம்பந்தம் பேசுறம்,” என்றார் அண்ணை. கஜந்தினி அவருடைய மூத்த மகள். “மானிப்பாய் ஆக்கள். அவை முதல்லை கேட்டது சாதகம் இல்லை. எங்கடை பக்கத்துக் கல்வெட்டுகள் இருந்தா அனுப்பச் சொன்னவை.”

இங்கே பழைய கல்வெட்டுகளை யாரும் எறிவதில்லை. இறந்தவரை நினைப்பதற்காக வைத்திருக்கிறோம் என்று வெளியில் சொல்வோம். இருப்பவர்களைத் துப்புத் துலக்கத்தான் அவை பயன்படும்.

“வேணுமெண்டா ‘நரம்புத் தளர்ச்சி’ எண்டு போடுவம்,” என்று அண்ணை இறங்கி வந்தார்.

“அது வேறை வருத்தம், அண்ணை. அதுக்கு மதிலிலை நோட்டீஸ் ஒட்டுவினம்.”

“அப்ப ‘மன அழுத்தம்’. கனடாவிலை அது எல்லாருக்கும் இருக்கு. எனக்கே இருக்கு.”

“உங்கடையை உங்கடை கல்வெட்டிலை போடுவம்.”

அண்ணையின் முகம் கறுத்தது. என்னோடு வாதாடித் தோற்கத் தொடங்குபவர்கள் கடைசியாக எடுக்கும் மாத்திரை ஆயுதத்தை அவரும் எடுத்தார்.

“இண்டைக்குக் குளிசை போட்டனியோ?”

“போட்டிட்டன். அதாலைதான் இவ்வளவு மரியாதையாக் கதைக்கிறன்.”

சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனேன்.

நோய் தொடங்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சுன்னாகம் மின் நிலையத்தின் இரைச்சல் எங்கள் தோட்டம்வரை வரும். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அதற்குள்ளே ஓர் அறிவிப்பாளர் இருந்தார். கணீரென்ற குரல். நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினால், “இதோ, சிவரூபன் தண்ணீர் கட்டுகிறார். பிழையாகக் கட்டுகிறார்,” என்பார். நாடு முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். மார்க்கண்டு வாத்தியாருக்கே வாய்க்காத சபை எனக்கு வாய்த்திருந்தது.

இப்போது சிரிக்கலாம். அப்போது சிரிப்பு வரவில்லை. சோற்றில் நஞ்சு இருக்கிறது என்று மூன்று நாள் வெறும் தண்ணீரோடு கிடந்தேன். அம்மா என் சோற்றுக் கோப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தான் சாப்பிட்டுவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தா. நான் சாப்பிடும்வரை எழும்பவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சனி தோஷம் என்றார். ஒருவர் கல்யாணம் செய்து வைத்தால் சரிவரும் என்றார். அந்தப் பெண்ணுக்கு எது சரிவரும் என்று அவர் சொல்லவில்லை. அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, என்னை பஸ்ஸில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனா.

குளிசை தொடங்கிச் சில மாதம் கழிந்த ஒரு பின்னேரம் கேட்டேன்: “அம்மா, இரைச்சலுக்குள்ளை உவர் சொல்லுறது உங்களுக்குக் கேக்குதோ?”

இதே கேள்விக்கு மற்றவர்கள் நான் கேட்டு முடிக்கமுதலே ‘உது உன்ரை பிரமை’ என்று பதில் வைத்திருப்பார்கள். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தா. வேலியடிக்குப் போய்த் தலையைச் சரித்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டா. நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டா.

“எனக்குக் கேக்கேல்லை, ராசா. உனக்குக் கேக்குது, அது பொய்யில்லை. ஆனா எனக்குக் கேக்கேல்லை.”

அவ்வளவுதான். எனக்குக் கேட்பதற்கும் அம்மாவுக்குக் கேட்காததற்கும் இடையில் ஒரு விரல் அகலம் இடைவெளி விழுந்தது. இது நோயாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அதற்குள்தான் முதலில் முளைத்தது. வளர வருடக்கணக்காயிற்று.

அதன்பிறகு அது எங்கள் வழக்கமாயிற்று. ஆறு மணிக்குக் குளிசை, கூடவே கசப்புப் போக ஒரு துண்டு பனங்கட்டி. கிணற்றடியில் இருந்து அன்றைக்குக் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பேப்பரில் என்னைப் பற்றி எழுதியிருக்கே? “இல்லை, ராசா.” றோட்டால் போன பெடியள் என்னைப் பார்த்துச் சிரிச்சவை? “சிரிச்சவை. ஆனா உன்னைப் பாத்தில்லை.” ஒருநாள் வேலிக்கு அப்பால் ஒரு குரல், “ஐயகோ! செல்வநாயகம் என்னும் செம்மலே, எம்மைவிட்டு எங்கு சென்றாய்!” என்று முழங்கியது. எனக்கு வியர்த்துவிட்டது. குளிசை போட்டும் புதிதாக ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மா தலையைச் சரித்தா. “ஓம், எனக்கும் கேக்குது. உது எங்கடை வாத்தியார். செல்வநாயகத்தாருக்கு வருத்தம் கடுமையாம். முன்கூட்டியே பழகுறார்.”

செல்வநாயகத்தார் அதற்குப் பிறகு எட்டு வருடம் சுகமாக இருந்தார். வாத்தியார்தான் அந்த எட்டு வருடத்தில் மெலிந்துபோனார். அன்றைக்கு நானும் அம்மாவும் கிணற்றுக் கட்டில் இருந்து சத்தம் வெளியே போகாமல் சிரித்தோம். அம்மா சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தா. இழந்த காலத்தில் ஒரு பின்னேரத்தைத் திருப்பித் தருகிறோம், ஆனால் நோயோடு சேர்த்துத்தான் தருவோம் என்று யாரும் சொன்னால், அதைத்தான் கேட்பேன்.

கிணற்றடியில் இருந்து அந்தப் பந்தியை நினைத்துப் பார்த்தேன். அண்ணையின் கேள்வியிலும் ஒரு நியாயம் இருக்கக்கூடும். இந்தப் பிடிவாதம் என்னுடையதா, நோயினுடையதா? கேட்பதற்கு அம்மா இல்லை.

நோயில் வருகிற நிச்சயங்கள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். உடம்பு சுட்டுக்கொண்டு வரும். இப்போதே, இந்த நிமிடமே என்று அவசரப்படுத்தும். எப்போதும் என்னையே நடுவில் இருத்தும். இந்தப் பந்தியில் நான் ஓரத்தில்தான் இருந்தேன். நடுவில் அம்மா. அவசரமும் இல்லை. அடுத்த மாதம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இது என்னுடையது என்று, அம்மா செத்து இருபது நாளில், நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தங்கச்சி உதயகலாவும் மேசைக்கு வந்திருந்தாள். வெட்டிய பந்தி இருந்த இடத்தை நிரப்ப அண்ணை பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

“இருபத்துமூண்டு வருசம் சும்மா கிடக்குது. ‘சமூக சேவகி’ எண்டு போடுவமோ?”

“அம்மா எங்கை, பெரியண்ணை, சமூகத்துக்குப் போனவ? செத்தவீட்டுக்குப் போனாலும் அரை மணித்தியாலம். சின்னண்ணை தனிய எண்டு ஓடி வந்திடுவா.”

“கோயில் தொண்டு?”

“வெள்ளிக்கிழமையிலை ஒரு கற்பூரம்.”

“மாதர் சங்கம்?”

“பேர் குடுத்தவ. போகேல்லை.”

இரங்கற்பாவோடு வந்து நின்ற மார்க்கண்டு வாத்தியார் தொண்டையைச் செருமினார். “‘அன்பே உருவானவர்’ எண்டு போடுங்கோ, தம்பி. எந்தப் பெரிய இடைவெளியையும் அது மூடும்.”

உதயகலா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “பெரியண்ணை, நீங்கள் வெட்டினதை முழுக்க வாசிச்சனீங்களோ?”

“முதல் வரியிலையே வருத்தத்தின்ரை பேர் வந்திட்டுது. பேந்து ஏன் வாசிப்பான்?”

சிவப்புக் கோடுகளுக்குள்ளால் எழுத்தைத் தேடித் தேடி அவள் உரக்க வாசித்தாள்:

“‘2011ஆம் ஆண்டு பேத்தி கஜந்தினி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்குக் கனடா போக அம்மாவுக்கு விசாவும் ரிக்கெற்றும் வந்தன. அந்த மாதம் சிவரூபன் தனக்குச் சுகம் வந்துவிட்டதென்று தானாகவே குளிசையை நிறுத்தியிருந்தான். பயணத்துக்கு ஆறு நாள் இருக்கையில் இரைச்சலோடு திரும்பவும் பேசத் தொடங்கினான். அம்மா போகவில்லை.’”

அண்ணை பேனையை மேசையில் வைத்தார்.

“முழங்கால் நோவாலை வரேல்லை எண்டெல்லோ சொன்னவ.”

அந்தச் சடங்கின் படங்கள் எங்களுக்கும் வந்தன. பல்லக்கு, செயற்கைப் புகை, புகைக்குள் இரண்டு வெள்ளைக் குதிரைகள், குதிரைக்குப் பயந்து அழுகிற பிள்ளை. முன்வரிசையில் அம்மாவுக்கென்று பட்டுத் துணி போர்த்திய கதிரை, வெறுமையாக. அந்தப் படத்தை மட்டும் அண்ணை பெரிதாக்கி அனுப்பியிருந்தார். ஆனால் மூன்று வருடம் கழித்து வருடாவருடம் ஒரு பார்சலும் வரத் தொடங்கியது. முழங்கால் பூச்சு மருந்து, முழங்கால் பட்டி, ஒருமுறை கரண்டில் வேலை செய்யும் ஒரு கருவிகூட.

“முழங்காலுக்கு ஒண்டும் இல்லை, அண்ணை,” என்றேன். “சாகிறதுக்கு முதல் கிழமையும் கிணத்திலை தண்ணி அள்ளினவ. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு எங்கள் ரெண்டு பேரிட்டையும் சத்தியம் வாங்கினவ. சொன்னா என்னிலை கோவிப்பியளாம்.”

“நான் அவவிலையெல்லோ கோவிச்சனான். மூண்டு வருசம் ஒழுங்காக் கதைக்கேல்லை, ரூபன். போனை எடுத்தா, ‘சாப்பிட்டியளோ, சரி’ எண்டு வைச்சிடுவன்.”

வாத்தியார் கையை உயர்த்தி, “பெற்ற மாதாவானவள்...” என்று தொடங்கினார்.

“வாத்தியார், கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் உதயகலா.

அண்ணை தாளைத் தன் பக்கம் திருப்பினார். “அனுப்பின மருந்தெல்லாம் என்ன செய்தவ?”

“அயலுக்குள்ளை குடுத்தவ. இந்த ஒழுங்கையிலை பாதிச் சனத்தின்ரை முழங்காலை நீங்கள்தான் சுகப்படுத்தினது. வாத்தியாரைக் கேளுங்கோ.”

வாத்தியார் தன் கால்களைப் பார்த்தார். “நல்ல மருந்து,” என்றார்.

அண்ணை சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாயிற்று. உதயகலா எழுந்து அவர் முதுகில் கை வைத்தாள். பிறகு அவர் வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு, வெட்டிய பந்தியை முதல் வரியிலிருந்து தன் கையாலேயே பார்த்து எழுதத் தொடங்கினார். மனச்சிதைவு என்ற சொல்லுக்கு வந்ததும் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

“கஜந்தினி?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவள்.

“பின்னேரம் மாப்பிளையின்ரை தேப்பனோடை கதைக்கிறன். புத்தகம் அவையின்ரை கைக்குப் போறதுக்கு முதல் நானே சொல்லுறன். பேந்து அவையின்ரை விருப்பம்.” குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. சொன்னார், அது போதும்.

பந்தி முடிந்த இடத்தில் யோசித்து ஒரு வரி தானாகச் சேர்த்தார். ‘அம்மாவின் முழங்கால்கள் கடைசிவரை நல்லாக இருந்தன.’

வாத்தியார் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். “தம்பி, கல்வெட்டிலை முழங்காலோ? அப்பிடி ஒரு மரபில்லையே!”

“மரபு எட்டாம் பக்கத்திலை இருந்து தொடங்கட்டும், வாத்தியார்,” என்று சொல்லி, அண்ணை தாளை என்னிடம் நீட்டினார். “பிழை பார்.”

வாசித்தேன். முப்பது வருடக் கனடா. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டேன். கடைசி வரியில் ‘நல்லாக’ என்பதை ‘நன்றாக’ என்று மாற்றப் பேனையைக் கொண்டுபோய், மாற்றாமல் விட்டேன்.