குளியலறைக் கதவில் செய்த மேசை

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய தொழில். நகரத்தில் உயரமாக நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் மெக்கானிக். அப்படிப்பட்ட மனுஷன், ஓய்வு பெற்று மறதி நோய் முற்றிய பிறகு, சொந்த வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, அதைத் திறக்கத் தெரியாமல் உள்ளே நின்று அலறினார்.

"இடது பக்கம் தள்ளுங்க... இடது பக்கங்க... வாட்ச் கட்டுற கை!" என்று வெளியே நின்ற மனைவி தொண்டை வற்றக் கத்தினாள். பதிலுக்குக் கதவை அடிக்கிற சத்தம்தான் வந்தது. கடைசியில் கொழுந்தன், லாரியைத் தெருமுனையில் போட்டது போட்டபடி ஓடிவந்து, கீல்களைப் பெயர்த்துக் கதவையே கழற்றி எடுத்தான்.

அண்ணன் ஈரத் தலையோடு வெளியே வந்து தம்பியின் தோளைத் தட்டினார்.

"நல்லா வேலை பாக்கற. எந்த கம்பெனி?"

"உங்க கம்பெனிதாண்ணே" என்றான் கொழுந்தன்.

மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், அங்கே நின்று அழுதாள்.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். கணவரைத் தனியாக விட முடியாது என்று ஆனதும் அவள் வேலை பார்த்த கடைக்காரர் தையல் மெஷினை வீட்டுக்கே அனுப்பிவைத்திருந்தார். யாரோ பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த துணியில் ஒரு திரை தைத்துக் குளியலறை வாசலில் தொங்கவிட்டாள். கழற்றிய கதவு நடையில் சுவரோடு சாய்ந்து நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் நின்று, உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பார். மற்ற எதையும் அவர் அப்படிப் பார்ப்பதில்லை. பெற்ற மகள் வந்து எதிரில் உட்கார்ந்தால்கூட சுவரைப் பார்க்கிற மாதிரிதான்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. இவரைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில், நாயாய் அலைந்து ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"பெயிண்ட்டத் தேய்க்கச் சொல்லிப் பாருங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "எதையாவது தடவிக்கிட்டேதான இருக்காரு. கையில உப்புத்தாளக் குடுப்போம். பலகை நல்ல கெட்டி. கீழ தண்ணி பட்டு ஊறின எடத்த அறுத்துத் தள்ளிட்டா அருமையா ஒரு சாப்பாட்டு மேசை வரும்."

"அதுல போயி சாப்பிடறதா? குளியலறைக் கதவு, தம்பி!"

"உள்ள போனது யாருன்னு கதவுல எழுதியா இருக்கு?"

இருவரும் கதவைத் தூக்கிப் பின்பக்க முற்றத்தில் இரண்டு ஸ்டூல்கள் மீது படுக்க வைத்தார்கள். கொழுந்தன் தாழ்ப்பாளைக் கழற்றி, கீழே இற்றுப்போயிருந்த பகுதியை ரம்பத்தால் அறுத்தான். பின்பக்கம் குறுக்கே அடித்திருந்த சட்டங்களை அப்படியே விட்டான். கால்களைப் பூட்ட அவை போதும் என்றான். அவர் உப்புத்தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு, மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்க்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தம் நிலைத்தது. உள்ளே மெஷின் ஓடும். வெளியே சர் சர்ரென்று உப்புத்தாள். பச்சை பெயிண்ட் போய் அடியில் நீலம் வந்தது. நீலம் போய், இவர்கள் குடிவருவதற்கு முன்னால் யாரோ அடித்த காவி வந்தது. அதற்கும் கீழே மரம், வெல்ல நிறத்தில். அவர் புருவமெல்லாம் தூள் படிந்து கிழட்டுப் பூனை மாதிரி இருப்பார். பசித்தால் வந்து நிற்பார். படுத்தால் தூங்குவார். வெளியே போகிறேன் என்று வாசலில் மல்லுக்கட்டுவதும் நின்றுபோனது.

ஒரு நாள் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து மெஷின் மேல் ஒரு தாளைப் போட்டார்.

"இந்தா, இது தேஞ்சுபோச்சு. இனிமே நைசா ஒண்ணு வேணும். கடைக்குப் போனா வாங்கிட்டு வா."

சுத்தமான பேச்சு. தலை, வால் எல்லாம் இருந்த பேச்சு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறார்! அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள்.

"அந்த எடம் வேணாம்னு சொல்லிடு. அப்பா தேறிட்டு வர்றாரு."

"அம்மா, இதுல தேர்றதுன்னு ஒண்ணு கெடையாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரேம்மா. எடத்த விட்டா மறுபடி கெடைக்காது."

"டாக்டரா கூட இருந்து பாக்கறாரு? நான் பாக்கறேன். உனக்கு உங்க அப்பாவக் கொண்டுபோய்த் தள்ளிவிடணும், அவ்வளவுதான!"

மகள் "சரிம்மா. சொல்லிடறேன்" என்று போனை வைத்தாள்.

கொழுந்தன் பழைய மரக்கடையில் கட்டில் கால்கள் நான்கு தேடிக்கொண்டு வந்தான். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் கட்டை செதுக்கி அடைத்து, இரண்டு கை வார்னிஷ் அடித்துக் காய விட்டு, ஒரு மத்தியானம் மேசையை உள்ளே கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார்கள். பார்த்தால் கடையில் வாங்கியது என்றுதான் சொல்வார்கள். அவள் சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் அதன் மேல் வைத்துத் தட்டுகளைப் பரப்பினாள்.

"உக்காருங்க. நீங்க செஞ்ச மேசை."

அவர் உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்தார். குனிந்து பலகையில் காதை வைத்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார்.

"உள்ள எத்தன பேரு?" என்று மேசையைப் பார்த்துக் கேட்டார். குரல் நிதானமாக இருந்தது, அந்தக் காலத்துக் குரல். "பயப்படாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. தள்ளாம அப்படியே நில்லுங்க. இதோ தொறந்துடறேன்."

கரண்டியை எடுத்துப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினார். குழம்புச் சட்டி கவிழ்ந்தது.

"என்னங்க, அது மேசைங்க. உள்ள யாரும் இல்லீங்க." அவள் கரண்டியைப் பிடுங்கப் போனாள்.

"காது அடைச்சுப்போச்சா உனக்கு? ஒரு பொம்பள அழுவுறா. தள்ளு!"

தள்ளினார். வயசானாலும் இரும்புக் கதவுகளை விலக்கிய கைகள். குழம்பில் வழுக்கி அவள் விழுந்தபோது வலது மணிக்கட்டு உடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது அவர் மேசையை விட்டு நகர்ந்திருக்கவில்லை. நகக்கண்ணில் ரத்தம். தூங்கவில்லை, சாப்பிடவில்லை. தட்டுவார், காதை வைப்பார், "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்பார். பேசிப் பேசி அவர் குரல் கம்மிப்போனது. மேசையை வெளியே எடுக்கலாம் என்று தொட்டாலே ஆளை அடிக்க வந்தார்.

கொழுந்தனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனசில் வந்த யோசனைதான். ஸ்குரு டிரைவரை எடுத்துவந்து, "அண்ணே, நானும் உங்க கம்பெனிதான். ரெண்டு பேருமா தொறப்போம்" என்றான். அவர் முகம் மலர்ந்தது. தம்பி திருகுகளைக் கழற்றினான். கால்களிலிருந்து பலகையை விடுவித்து, இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள்.

"பாத்தீங்களா? ஒருத்தரும் இல்ல. காலி" என்றான் தம்பி.

அவர் மேசைக் கால்களுக்கு நடுவில் இருந்த வெறும் தரையை எட்டிப் பார்த்தார். இன்னும் நெருங்கி வந்து, ஆழத்தைப் பார்க்கிறவர் மாதிரி குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"விழுந்துட்டாங்க" என்றார்.

"அண்ணே..."

"எல்லாரும் கீழ விழுந்துட்டாங்கடா. லேட்டாயிடுச்சு. நான் லேட் பண்ணிட்டேன்."

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கையில் ஓர் உயிர் போனதில்லை. கல்யாணமான புதிதில் அவளிடம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். இப்போது தரையில் உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா செத்தபோதுகூட அண்ணன் இப்படி அழுததைத் தம்பி பார்த்ததில்லை. அவனால் அங்கே நிற்க முடியவில்லை. லாரியில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மகள் இல்லத்துக்குப் போன் செய்து கெஞ்சினாள். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டாராம். காலியானால் சொல்கிறோம் என்றார்கள். அங்கே இடம் எப்படிக் காலியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அம்மாவுக்கு. மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்தது. துணியை ஊசிக்குக் கீழே நேராகப் பிடிக்க வரவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பி, தயங்கித் தயங்கி, மெஷினை எடுத்துக்கொண்டார்.

பலகை திரும்பவும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. "ஒடச்சுப் போட்டுடறேன் அண்ணி" என்று கொழுந்தன் வந்து நின்றான்.

"வேணாம் தம்பி. அந்தச் சத்தத்த அவரு வேற என்னன்னு நெனைப்பாரோ."

அவர் இப்போது அதன் பக்கம் போவதே இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அவள் இடது கையால் பிசைந்து ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குகிறார். ஒரு சாயங்காலம், தண்ணீர் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டபோது, அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அவங்கள மேல ஏத்தலையா?"

"ஏத்தியாச்சுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவளை அவளாகவே, கூட வாழ்ந்தவளாகவே பார்க்கிற பார்வை அது.

"உனக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.