மடியில் உட்கார்ந்து ஒரு காது சோதனை

அம்மாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வயதாகியும் குட்டி ஒரு சொல் பேசவில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் வாயைத் திறந்தான், இப்ப மூடவே மாட்டேங்கிறான்" என்று மாமியார் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெளியில ஒண்ணும் கோளாறு தெரியல, உள்ள எப்படின்னு, காது கேக்குதான்னு சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட்தான் சொல்லணும்" என்று அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டார். பேச்சுப் பயிற்சி டீச்சரோ, காது விஷயம் தெரியாமல் பாடத்தைத் தொடமாட்டாராம். ஆளுக்கொரு பக்கம் விரட்டினால் பெற்றவள் என்னதான் செய்வாள்?

வெளிச்சத்தம் புகாத அந்த அறை பெரிய அலமாரி அளவுதான் இருந்தது. குட்டி அம்மா மடியில். முன்னால் மரக்கட்டைகளும் ஒரு வாளியும், பக்கத்தில் ஸ்பீக்கர். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடியாலஜிஸ்ட் பொத்தானை அழுத்தினார்.

குட்டி ஒன்றைக்கூட விடவில்லை. கொசு ரீங்காரம் அளவு சத்தத்துக்கும் கட்டை விழுந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இதுவோ நூற்றுக்கு நூறு வாங்குகிற குஞ்சு!

ஆடியாலஜிஸ்ட் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சத்தம் வந்ததும் உங்க தொடை லேசா துள்ளுதும்மா. பாப்பா அதை வச்சுத்தான் போடுறாளோன்னு சந்தேகமா இருக்கு."

"நான் சொல்லிக்குடுக்கிறேன்னா சொல்றீங்க?"

"வேணும்னு யாரும் செய்யறதில்லம்மா. பெத்தவங்களுக்குத் தன்னால வந்துடும்." அம்மாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். "இதுல இரைச்சல் மட்டும்தான் கேக்கும். அப்படியே உக்காருங்க."

இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடி வழியே பொத்தான்மேல் இருந்த விரல் தெரிந்தது. விரல் அழுத்தியது. குட்டி கட்டையைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி விரல் மறுபடி மறுபடி அழுத்தியது. கட்டை கையிலேயே இருந்தது.

குட்டி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சின்னக் கையால் அவள் தொடையைத் தட்டினாள், எப்போ என்று கேட்பதுபோல.

ஒரே ஒரு துள்ளல் போதும். குட்டி சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அப்பவே சொல்லலையா என்பாள் மாமியார். அதற்குப் பிறகு இந்தக் காதுக்காக யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

விரல் மறுபடி அழுத்தியது. அம்மா இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. உடம்பு குலுங்காமல் அழுதாள்.