காலையில் எடுத்த நகல்

நிமிக்குத் தன் வேலைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. குமுளியில் வீட்டிலிருந்தபடியே, கட்டப்பனை உள்பட மலைமேல் இருக்கிற சில ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் தகவல்களை ஒன்றாக இணைத்துக் கொடுத்தவள் அவள். பேரைக் கொடுத்தால் ஆள் எந்த ஆஸ்பத்திரியில் என்று தேடிச் சொல்லும் லுக்கப்பை எப்படி அமைப்பது என்று கேள்வி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிப் பதிவிலேயே போய்க் கேட்கலாம், மெதுவாகும். காலையில் ஒரு நகல் எடுத்துவைத்து அதிலேயே தேடலாம், சட்டென்று முடியும். புதுப்பேர் வர வர நகலும் மாறுகிற வகையும் உண்டு, அதற்கு வேலை அதிகம். காலை நகலே போதும் என்று நிமி முடித்துவிட்டாள். வேகத்தை எல்லாரும் மெச்சினார்கள். பாழாய்ப்போன வேகம்!

ஒரு மத்தியானம் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிவந்த ஜீப் உருண்டது. அதில் நிமியின் அப்பா கபிரியேலும் இருந்தார். அடிபட்டவர்களைக் கிடைத்த வண்டியில் அள்ளிப்போட்டு, சிலரைக் கட்டப்பனைக்கும் சிலரை மலையிறக்கித் தேனிக்கும் கொண்டுபோனார்கள். யார் எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அம்மா அன்னாள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "கட்டப்பனைக்குப் போவோம்டி. அதுதான கிட்டக்க."

"இரும்மா." நிமி லுக்கப்பில் அப்பா பேரைத் தட்டிப் பார்த்தாள். எங்குமே இல்லை என்று வந்தது. தேனி அவள் இணைத்த ஆஸ்பத்திரிகளில் சேராது. "அங்க இல்லம்மா. தேனிக்குத்தான் கொண்டுபோயிருப்பாக."

"ஒரு எட்டு பாத்துட்டு..."

"நான் செஞ்சதும்மா இது. பொய் சொல்லாது."

பொய் சொல்லவில்லைதான். காலையில் அப்பா தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்து உண்மையைக் காலை நகல் சொன்னது. பதற்றத்தில் நிமிக்கு அது உறைக்கவே இல்லை. கம்பத்துக்கு பஸ், அங்கிருந்து தேனி. அங்கே வார்டு வார்டாய் அலைந்துகொண்டிருந்தபோது கட்டப்பனையிலிருந்து போன் வந்தது.

திரும்பி மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "இப்பத்தான், சேச்சி," என்றாள் நர்ஸ் ஜிஸ்மி. "நல்ல போதம், நினைவு இருந்துச்சு. அன்னாள் வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அன்னாள் மகளைப் பார்த்தாள். "நீ தட்டிப் பாத்தப்ப இங்கனதான் இருந்தாரா?"

"இருந்தாரும்மா."

அன்னாள் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியை விலக்கி அவர் முகத்தைத் தடவினாள். அறைந்திருந்தால்கூட நிமி தாங்கியிருப்பாள்.

அடக்கம் முடிந்து வேலைக்கு உட்கார்ந்ததும், முதல் காரியமாக நகலைத் தூக்கி எறிந்தாள். இனி ஒவ்வொரு தடவையும் பதிவிலேயே போய்க் கேட்கும். சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பேர் வேண்டும். விரல்கள் தாமாக அப்பா பேரை அடித்தன.

கபிரியேல், கட்டப்பனை, அன்றைக்கு மத்தியானம் சேர்க்கப்பட்டவர். மெதுவாகும் என்று அவள் தள்ளிவைத்த முறை, இமை கொட்டுவதற்குள் சொல்லிவிட்டது.

பின்னால் காப்பியோடு நின்ற அன்னாள் திரையைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுதாக்கும்?" என்றாள்.