கஸ்பரின் ஸ்லோமோஷன் குருவி

1

ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. லண்டனில் டூட்டிங் பக்கம், மண்டபம் என்று சொல்லக்கூடிய ஒரு ஹோல். எனக்கு முன்னால் நின்ற வீடியோக்காரர் தட்டை நீட்டினார். தட்டு நடுங்கியது. "அண்ணை, ஆட்டாமல் பிடியுங்கோவன்" என்றார் பரிமாறியவர். வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே தட்டை இடக்கைக்கு மாற்றினார்.

நான் கண்டது அவ்வளவுதான். பெயர் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. மிச்சமெல்லாம் நான் கட்டியது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது: மோர்டனில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஹம்மிங்பேர்ட்* பூவில் தேன் குடிப்பதைக் கஸ்பர் படம்பிடித்துக்கொண்டிருந்த அந்த இளவேனில் காலையில்...

என் மனைவி ஹம்சா தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

"மோர்டனில ஏது உந்தக் குருவி? அது அமெரிக்காப் பக்கத்துச் சாமானெல்லோ?"

"கதைதானே."

"கதையெண்டால்? நாளைக்குத் தேம்ஸில முதலையும் விடுவியளோ?"

அந்த வரியை அடித்தேன். ஆனால் குருவியைக் கைவிட மனம் வரவில்லை. ஆகவே லண்டன் எல்லையில், செலவைப் பற்றி யோசிக்காமல், ஒரு பெரிய கண்ணாடி வீடு கட்டினேன். உள்ளே வெக்கை, ஈரம், சிவப்புச் சிவப்பாகப் பூக்கள், குருவிகள். நீங்கள் தேடிப் போகவேண்டாம், கிடைக்காது.

(* அகராதியில் ஓசனிச்சிட்டு என்று அழகான பெயர் இருக்கிறது. கஸ்பர் வாயில் அது வராது. குருவி என்றே வைத்துக்கொள்வோம்.)

3

கஸ்பரைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்க்காரர். லண்டன் தமிழருடைய கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடு, சேர்ச்சில் பிள்ளைகளின் முதல் நன்மை எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். கொஞ்சக் காலமாக அவருடைய ஸ்லோமோஷனுக்குத் தனி மவுசு. மணவறையில் பெண் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். தூவுகிற அரிசி ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துத்தான் விழும். 'கஸ்பர் அண்ணையின்ர ஸ்டைல்' என்று சனம் கொண்டாடியது.

ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனிதருக்கு வலக்கை நடுங்குகிறது. சாதாரணமாக எடுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் மினிபஸ்ஸில் போகிறவர்கள் மாதிரிக் குலுங்குவார்கள். அதையே படுவேகத்தில் எடுத்து மெதுவாக ஓடவிட்டால் நடுக்கம் இழுபட்டு, லேசான அசைவாகிவிடுகிறது. இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். பிறகு விடவில்லை.

("ஸ்டாண்டில பூட்டினாச் சரிதானே?" இது ஹம்சா. சனம் நெருக்கியடிக்கிற ஹோலில் ஸ்டாண்டை வைத்தால் முதலில் தடக்கி விழுவது பெண்ணின் பெரியப்பாதான். போதுமா?)

டொக்டரிடம் அவர் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்தால் வீட்டில் சொல்லவேண்டும். சொன்னால் மனைவி பியற்றிஸ் கமராவைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிடுவாள். கமரா இல்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்குள் எப்படி நுழைவது என்றே அவருக்குத் தெரியாது.

4

இந்த இடத்தில் கதை படுத்துவிட்டது. ஒளிக்கிற புருஷன், ஒன்றும் தெரியாத பெண்சாதி. எத்தனை தரம் பார்த்தாயிற்று! 'அடுக்களையில் நின்ற பியற்றிஸ், பாவம், ஒன்றுமறியாமல்' என்று ஒரு வரி தொடங்கினேன். அவள் அங்கே நிற்க மாட்டேன் என்றாள்.

"அப்ப அந்த வீடியோவை ஆர் வெட்டி ஒட்டுறது?" என்று என்னையே கேட்டாள்.

அட, உண்மைதானே! எடுப்பவர் கஸ்பர். எடிட் செய்பவள் பியற்றிஸ். மேல்மாடிச் சின்ன அறையில், காதில் ஹெட்போனோடு. மெதுவாக்குமுன் ஒவ்வொரு துண்டும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கை எப்படி நடுங்கும்? மெதுவாக்கியும் மிஞ்சுகிற குலுக்கத்தை நிறுத்த எடிட்டிங்கில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி அழுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், அவள் அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள்.

ஏன் பேசவில்லை? பயம். வேறொன்றும் இல்லை. வாய்விட்டுச் சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தாள்.

பின்னேரங்களில் கஸ்பர்தான் தேத்தண்ணி கொண்டுவருவார். படியில் கோப்பையும் தட்டும் கிணுகிணுக்கும். அவள் ஹெட்போனைக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோப்பையில் அரைவாசிதான் இருக்கும்.

"கனக்கக் குடிச்சா உனக்கு நெஞ்செரியும்" என்பார், அவள் கேட்காமலே.

"ஓம், இது காணும்" என்பாள்.

5

கண்ணாடி வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் கஸ்பர். வீடியோவில் தன் முந்தானை அப்படி மெல்ல, ஆறுதலாக விழுவதைப் பார்த்து மயங்கி, எங்கள் குருவிகளையும் இப்படி எடுத்துத் தாருங்கள் என்று கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை போய் எடுத்துவந்தார். அவரோடு நாம் உள்ளே போகவேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் பியற்றிஸுக்கு என்ன தெரிகிறதோ அது நமக்கும் தெரிந்தால் போதும்.

ஸ்லோமோஷன் துண்டுகளுக்குச் சத்தம் கிடையாது. ஒரு சிவப்புப் பூ. அதன் முன்னால் குருவி அந்தரத்தில் நிற்கிறது. கண்ணுக்கே பிடிபடாத சிறகு இப்போது துடுப்புப் போல முன்னுக்குப் போய், புரண்டு, பின்னுக்கு வருகிறது. கழுத்து ஒருதரம் பச்சை, ஒருதரம் ஊதா. அலகு பூவுக்குள் போகிறது. நாக்கு நூலாக நீண்டு நீண்டு தேனைத் தொடுகிறது. வெளியே எடுக்கும்போது நெற்றியெல்லாம் மஞ்சள் தூள். உடம்பு முழுக்கத் துடிக்கிறது, தலை மட்டும் அசையவில்லை.

"என்ன வடிவு!" என்றாள் பியற்றிஸ், தனியாக இருந்துகொண்டு.

(நடுங்குகிற சிறகு, நடுங்குகிற கை. இது கொஞ்சம் ஓவர் என்று எனக்கும் தெரியும். எடுத்துவிடப் பார்த்தேன். பியற்றிஸ் பார்த்து முடித்துவிட்டாள், இனி எடுக்க ஏலாது.)

கடைசித் துண்டு சாதாரண வேகம். சத்தமும் இருந்தது. கமராவை எங்கோ அசையாமல் வைத்திருக்கிறார். படத்துக்குள் ஒரு கை வந்தது. கஸ்பரின் வலக்கை. விரல்களுக்குள் ஒரு பூ; அது ஒளிவுமறைவில்லாமல் நடுங்கியது.

"பியற்றிஸ், இதை மெதுவாக்காத. நீ பாக்கத்தான் எடுக்கிறன்."

பட்டனுக்குப் போன அவள் கை நின்றது.

எங்கிருந்தோ குருவி வந்தது. பூ ஆட ஆட அதுவும் கூடவே ஆடி, அலகை உள்ளே விட்டு, ஆறுதலாகக் குடித்துவிட்டுப் போனது.

"கண்டியே? பூ ஆடுறது அதுக்கு ஒரு பொருட்டில்லை." கை பூவைக் கீழே வைத்தது. "எனக்கு ஏலாமக் கிடக்குது, பியற்றிஸ். நீ அந்தப் பட்டனை அமத்துறனி எண்டும் தெரியும். நீ முடிச்சுத் தாற படத்தில ஒரு ஆட்டமும் இல்லை. என்ர கை அவ்வளவு நேரா நிண்டு எவ்வளவு காலம்! நானும் பேசாம இருந்திட்டன். இனி ஒளிக்க எனக்குப் பெலன் இல்லை."

பியற்றிஸ் அழுதாள். ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள்.

6

முடிவு ஒன்று: அவள் அந்தத் துண்டை அழித்துவிட்டு, பார்க்காதவள் போல... இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து நிற்க, வெளியே மழை கொட்ட... (ஹம்சா கொட்டாவி விட்டாள்.)

முடிவு மூன்று: டொக்டர் சிரித்து, "இது பெரிய வியாதி இல்லை" என்று ஒரு குளிசை கொடுக்கிறார். இதுதான் எனக்கு ஆசை. ஆனால் நான் எழுதுகிற குளிசை கஸ்பருக்கு வேலை செய்யாது.

"அவர் தன்ர பங்கைச் செய்திட்டார். இனி அவவெல்லோ ஏதும் சொல்லோணும்?" என்றாள் ஹம்சா.

"என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா."

"முதல்ல அந்த ஹெட்போனைக் கழட்டிவிடுங்கோ."

கழற்றிவிட்டேன்.

படியில் கோப்பை கிணுகிணுக்கிறது. இன்றைக்கு நிறைய ஊற்றியிருக்கிறார் போல. சிந்துகிற சத்தமும் கேட்கிறது. பியற்றிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையைக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டாள். அவளுக்கு ஒரேயொரு வசனம் வேண்டும். நான் எழுதி எழுதி அடித்ததில் கைவசம் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இருப்பார்தானே, நீங்கள் பார்த்தும் பாராமல் விட்ட ஒருவர்? அவருக்குச் சொல்ல நினைத்ததை இவளுக்குக் கொடுங்கள்.

மனிதர் மேல்படிக்கு வந்துவிட்டார். கெதியாகச் சொல்லுங்கள், தேத்தண்ணி ஆறுகிறது.